படியேறி வந்த குரல்

நூற்று நாற்பத்திரண்டு. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டு வையுங்கள்.

குன்னூரில் மார்க்கெட்டுக்கு மேலே, கார் போகாத ஒரு சந்தில், பழைய பங்களா ஒன்றின் வாசலுக்குப் போகும் கருங்கல் படிகளின் எண்ணிக்கை அது. மழை பெய்தால் பாசி வழுக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மலையில் இது அதிசயமில்லை, பாதி ஊர் படிக்கட்டில்தான் தொங்குகிறது. ஆனால் இந்தப் படிகளுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு கம்பெனியின் பொய்யை உடைத்த படிகள் இவை.

அந்தப் படிகளை இருபத்து நான்கு நாள் ஓட்டமாக ஏறியவள் கெஸியா. வயது முப்பத்தெட்டு. குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக டோக்கன் கூப்பிடுகிற வேலை. புருஷன் பெனிஸுக்கு அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பும் அங்கேதான்.

அவளுடைய குரலை யாரும் இனிமை என்று புகழ்ந்ததில்லை. காதில் விழுகிற குரல், அவ்வளவுதான். பதினாறு வயதில் சர்ச்சில் வேதபாடம் வாசிக்க நிறுத்தினார்கள். இரண்டாவது வசனத்தில் கரண்ட் போய் மைக் செத்தது. பெண் நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஆயரின் மச்சான் அலறியடித்து எழுந்து "ஆமென்" என்றார். வாசிப்பு பாதிகூட ஆகியிருக்கவில்லை. அன்றிலிருந்து கரண்ட் போகிற ஞாயிறுகளுக்கெல்லாம் கெஸியாதான்.

ஆஸ்பத்திரி ஹாலில் நாற்பது நாற்காலி, அறுபது நோயாளி. கெஸியா வாசலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். "நம்பர் இருபத்தியெட்டு! ஜெகதளாக்கார அம்மா, ஸ்வெட்டர் பின்னுனது போதும், டாக்டர் காத்துட்டு இருக்காருங்க" என்று கூப்பிடுவாள். பதினொன்றரை மணி ஆனால் எழுந்து நிற்பாள்.

"குந்தாப் பக்கம் போற பஸ்காரங்க எத்தனை பேருங்க? கை தூக்குங்க. மத்தவங்க கொஞ்சம் வழி விடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மினி பஸ் இருக்குதில்ல?"

குந்தாப் பக்கம் பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு. அதை விட்டால் சாயங்காலம்தான். ஹாலில் நாலு பேர் முணுமுணுப்பார்கள், ஆனால் வழி விடுவார்கள். இந்தச் சட்டத்தை எந்த மேனேஜரும் எழுதவில்லை. டோக்கன் கூப்பிடுகிறவள் போட்டாள், ஹால் ஒப்புக்கொண்டது.

போன வருடம் சர்ச் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல் வாசிக்கக் குரல் தேவை. கெஸியா போய் நின்றாள். கம்பெனி பெயர் சொற்கடல் டெக். நடத்துகிறவர் விஜயபாஸ்கர், கோயம்புத்தூர்க்காரர், எந்நேரமும் தோளில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு, குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டு இருப்பவர். அந்தப் பங்களாவில் ஓர் அறையைச் சுற்றிக் கம்பளிகளைத் தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்.

"ஏன் சார், இவ்வளவு உசரத்துல போய் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"கார் சத்தம் கேக்காதுங்க. அமைதி வேணுமில்ல?"

அமைதி அவருக்கு. மூச்சு இவளுக்கு. ஆஸ்பத்திரியில் ட்யூட்டி முடிவது இரண்டு மணி. ரெக்கார்டிங் இரண்டரைக்கு. மார்க்கெட்டைத் தாண்டி ஓடிவந்து, நூற்று நாற்பத்திரண்டு படியும் ஏறி, மைக் முன்னால் உட்காரும்போது இரண்டு இருபத்தொன்பது. வாசிப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் கால் மணி நேரம் எண்கள்: ஒன்று முதல் நூறு வரை, பிறகு தேதி, மணி, வருடம். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவாம். அதன் பிறகுதான் பாடம்.

"சார், ரெண்டு நிமிசம் மூச்சு வாங்கிக்கறனுங்க."

"வேண்டாங்க, அப்படியே போங்க. மூச்சு இருந்தாத்தான் மனுசக் குரல் மாதிரி இருக்கும்."

இருபத்து நான்கு நாளும் இதே கதை. எண்களை இரைக்க இரைக்க வாசித்தாள். மூச்சு அடங்கிய பிறகு ஒளிச்சேர்க்கையையும் பல்லவர்களையும் நிதானமாக வாசித்தாள். கடைசி நாள் விஜயபாஸ்கர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். "பார்வையற்ற மாணவர்களுக்கான பாடநூல் வாசிப்புக்காக" என்று அதில் இருந்தது. நகல் கேட்டாள். "எல்லாரும் நகல் கேக்கறதில்லைங்களே" என்றார். "நான் கேப்பனுங்க" என்று வாங்கி, சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தாள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் பெரிய டிவியும் ஸ்பீக்கரும் மாட்டினார்கள். டிங் டாங் என்றது. அப்புறம் ஒரு பெண் குரல்.

"உங்கள் டோக்கன் எண் பத்தொன்பது. தயவுசெய்து டாக்டர் அறைக்குச் செல்லவும்."

தரை துடைத்துக்கொண்டிருந்த பேச்சி துடைப்பதை நிறுத்தினாள். பேச்சிக்கு ஐம்பது வயது. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவள். அவளுடைய வாய்க்கு டாக்டர்களே பயப்படுவார்கள்.

"ஏ கெஸியா, நீ இங்க நிக்கிற. அங்க எப்பிடிப் பேசற?"

"நானா? யாரோ மூக்கால பேசறாங்க."

"நீயும் மூக்காலதான் பேசற. பன்னெண்டு வருசமா நாங்க சொல்லாம இருந்தோம்."

தன் குரலை வெளியே நின்று கேட்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? கெஸியா நம்பவில்லை. போனில் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெனிஸிடம் போட்டுக் காட்டினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நீயேதான். ஊட்டுக்கு ஒண்ணே ஜாஸ்தின்னு நெனச்சிருந்தேன், கம்பெனிக்காரன் ஸ்பேர் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கான்!"

"ஏனுங்க, சிரிக்காதீங்க. வேலை போகப்போகுது."

பெனிஸ் சிரிப்பை நிறுத்தினான்.

அவள் சொன்னது மறுநாளே நடந்தது. மேனேஜர் ஜஸ்டஸ் கூப்பிட்டனுப்பினார். கனத்த உடம்பு, கனிவான பேச்சு. கார் நிற்கும் இடத்திலிருந்து நாற்காலி வரை நடப்பதே அவருடைய ஒரு நாள் உடற்பயிற்சி.

"மாசக் கடைசி வரைக்கும் வாங்கம்மா. அது வரைக்கும் வீல்சேர் தள்ளுங்க. அப்புறம் தேவைப்பட்டா நாங்களே கூப்பிடறோம்."

"என்ற குரலை வெச்சே என்னை வெளிய அனுப்பறீங்களா சார்?"

"உங்க குரலா? யாரோட குரலும் இல்லைன்னு கம்பெனி எழுதியே குடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர் செஞ்சதும்மா."

கெஸியா படியேறினாள். விஜயபாஸ்கர் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், அவளுக்கு மூச்சு அடங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பேசினார்.

"அது குரல் எண் ஏழுங்க. பதினோரு பெண்களோட குரலைக் கலந்து கம்ப்யூட்டர் உருவாக்கினது. உங்களுது ஒரு சொட்டு இருக்கலாம். சாம்பார்ல எந்த வெங்காயம் யாரு உரிச்சதுன்னு சொல்ல முடியுங்களா?"

"பாடப் புஸ்தகத்துக்குத்தானே சார் கையெழுத்துப் போட்டேன்?"

"உங்க குரலை வித்தாத்தானே அந்தப் பேப்பர் பேசும்? இது எங்க கம்பெனியோட அறிவுசார் சொத்து. உங்க குரல்தான்னு நிரூபிங்க, அப்புறம் பேசலாம்."

பெரிய நடிகர்கள் கோர்ட்டுக்குப் போய், என் குரலைத் தொடாதே என்று தடை வாங்கி வருகிறார்கள். நல்லது, வாங்கட்டும். அவர்கள் குரல் யாருடையது என்று நீதிபதிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டோக்கன் கூப்பிடுகிறவள் குரலுக்கு யார் சாட்சி? ஹாலில் உட்கார்ந்திருக்கும் அறுபது நோயாளிகள். அவர்களை எந்த வக்கீல் கூட்டிக்கொண்டு போவான்? கெஸியா இறங்கி வந்தாள். இறங்கும்போது மூச்சு வாங்கவில்லை. அதனால் அவளுக்கு அப்போதும் எதுவும் புரியவில்லை.

புரிய வைத்தவர் கந்தப்பன். குந்தாப் பக்கம் பிக்கட்டியில் கேரட் போடுகிறவர், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வருகிறவர். அன்றைக்கு அவருக்கு நம்பர் ஐம்பத்தொன்று. மெஷினுக்குக் குந்தா பஸ் தெரியாது. பன்னிரண்டே முக்கால் தாண்டியது, பஸ் போயே போய்விட்டது. ஆனாலும் மனிதர் கோபப்படவில்லை. வீல்சேரோடு நின்ற கெஸியாவை அவர் கவனிக்கவுமில்லை. ஸ்பீக்கரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பேச்சியிடம் சொன்னார்.

"ஏனுங்க, அந்தப் பொண்ணுக்கு வீசிங் இருக்குதுங்க."

"எந்தப் பொண்ணுக்கு?"

"மைக்ல பேசறாங்களே, அவங்களுக்குத்தான். நம்பர் சொல்றப்பெல்லாம் இழுக்குது பாருங்க. இத்தனை டாக்டருங்க இருக்காங்க, ஒருத்தர்கிட்டக் காட்டக் கூடாதுங்களா?"

ஹாலே சிரித்தது. பேச்சிக்குக் கேட்க வேண்டுமா? மாப் குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டாள். "உங்கள் டோக்கன் எண்... ஹ்ஹா... முப்பத்தி மூணு! தயவுசெய்து டாக்டர் அறைக்குச் செல்லவும்! உங்கள் டோக்கன் எண்... ஹ்ஹா... முப்பத்தி நாலு!"

"இன்னொருக்கா சொல்லுங்க பேச்சிக்கா" என்றாள் கெஸியா.

"ஏன், என் குரலையும் விக்கப் போறியா?"

"இல்லக்கா, சொல்லுங்க."

பேச்சி சொன்னாள். மேலே ஸ்பீக்கரும் சொன்னது. எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன இரைப்பு. 'தயவுசெய்து'வில் இல்லை, 'டாக்டர் அறை'யில் இல்லை. எண்ணுக்கு மட்டும், ஒவ்வொரு எண்ணுக்கும். கெஸியா வீல்சேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெஷினுக்கு அவள் எண்ணைச் சொல்லிக் கொடுத்ததே இரைத்துக்கொண்டுதான். மெஷின் நல்ல மாணவன். எண் என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று இரைப்பையும் சேர்த்துப் படித்துக்கொண்டது.

நேராக ஜஸ்டஸிடம் போனாள்.

"சார், பத்து நிமிசம் கம்பெனி வரைக்கும் வாங்க."

"நான் எதுக்கும்மா?"

"நாளைக்கு இது யாரு குரல்னு வக்கீல் நோட்டீஸ் வந்தா, வாங்கி மாட்டினது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

நோட்டீஸ் என்ற சொல் ஜஸ்டஸை எழுப்பியது. காரை எடுத்தார். மார்க்கெட்டுக்கு மேலே கார் நின்றுவிட்டது. படிக்கட்டைப் பார்த்தார்.

"லிஃப்ட் இல்லையா?"

"இருந்திருந்தா எனக்கு மூச்சே வாங்கியிருக்காதுங்க சார். ஏறுங்க."

கூப்பிடாமலே பேச்சியும் வந்திருந்தாள், அரை நாள் லீவு போட்டுவிட்டு. தேயிலைச் சரிவில் கூடையோடு முப்பது வருடம் ஏறிய கால். மடமடவென்று மேலே போய் நின்றுகொண்டு எண்ணினாள்.

"சார், எண்பது தாண்டியாச்சு! இன்னும் கொஞ்சந்தான், அறுபத்திரண்டு!"

விஜயபாஸ்கர் கதவைத் திறந்தார். வாடிக்கையாளரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் நாற்காலி எடுத்தார்.

"உக்காராதீங்க சார்" என்றாள் கெஸியா. "நின்னுக்கிட்டே ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க."

"எதுக்கும்மா... ஹ்ஹா... விளையாட்டா?"

"ஒரே ஒருக்கா சார்."

"ஒண்ணு... ஹ்ஹா... ரெண்டு... ஹ்ஹா... மூணு..."

நாலு வருவதற்குள் பேச்சி போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டாள். உங்கள் டோக்கன் எண், ஹ்ஹா, முப்பத்தைந்து. உங்கள் டோக்கன் எண், ஹ்ஹா, முப்பத்தாறு. ஜஸ்டஸ் வாயை மூடிக்கொண்டார். போன் தொடர்ந்து இரைத்தது.

கெஸியா விஜயபாஸ்கர் பக்கம் திரும்பினாள். "ஜஸ்டஸ் சாருக்கு இரைக்குது, படி ஏறி வந்தாரு. எனக்கும் இரைச்சுது, ஏறி வந்தேன். மெஷினுக்கு எதுக்குங்க சார் இரைக்குது? அது எந்தப் படி ஏறிச்சு?"

விஜயபாஸ்கர் ஸ்வெட்டரைச் சரி செய்தார். "அது வந்துங்க... பதினோரு பேர் குரல் கலந்ததுல..."

"பதினோரு பேரும் ரெண்டு மணிக்கு ட்யூட்டி முடிச்சுட்டு ஓடி வந்தவங்களா?"

"பதினோரு பேருக்குமா நம்பருக்கு மட்டும் வீசிங்?" என்றாள் பேச்சி.

"மூச்சு அடங்கட்டும்னு நான் கேட்டனுங்க. மூச்சு இருந்தாத்தான் மனுசக் குரல் மாதிரி இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. அது எந்த மனுசின்னு இப்பச் சொல்லுங்க."

ஜஸ்டஸுக்கு மூச்சோடு கோபமும் திரும்பியிருந்தது. யாரோட குரலும் இல்லை என்று எழுதி வாங்கியவர் அவர்தானே. "முதல் நாள் ரெக்கார்டிங் இருக்குமில்ல? போடுங்க. இல்லன்னா இன்னிக்கே மெஷினைக் கழட்டி அனுப்பறேன்."

வேறு வழியில்லாமல் போட்டார். கம்பளி தொங்கும் அறையில் கெஸியாவின் குரல் கிளம்பியது. ஒன்று, இரைப்பு, இரண்டு, இரைப்பு. நூறு வரை போக வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டில் நிறுத்திவிட்டார்.

"ஒரு தொகை பேசி முடிச்சுக்கலாங்க" என்றார் விஜயபாஸ்கர்.

"தொகை அப்புறம் சார். மொதல்ல என் குரலை எங்கெங்க வித்தீங்கன்னு பட்டியல் குடுங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு. ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்துங்க. பாடப் புஸ்தகத்துல மட்டும் இருக்கட்டும், அதுக்குத்தான் குடுத்தேன். அதுல என் பேரு போடுங்க."

"பேரெல்லாம் போடற வழக்கம் இல்லைங்க."

"இனிமே வழக்கம் ஆக்கிக்கங்க. அப்புறம், நான் குரல் எண் ஏழுன்னீங்க. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் யாரு?"

"அவங்க யாரும் வந்து கேக்கலைங்க."

"கேப்பாங்க. நான் போய்ச் சொல்றனுங்க."

ஜஸ்டஸ் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினார். பேச்சி தோள் கொடுத்தாள். பாதி வழியில் நின்று சொன்னார், "நாளைக்குக் காலைல பழைய எடத்துக்கே வந்துருங்கம்மா."

"எழுத்துல குடுங்க சார்."

"என்னம்மா இது, என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"பேச்சை வெச்சு என்னென்ன பண்ணலாம்னு இப்பத்தானே சார் மேல பாத்தோம்?"

ஜஸ்டஸ் காரில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரித் தாளிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவும் பாட்டுப் புத்தகத்துக்குள் போனது.

டிவி இப்போதும் ஹாலில் தொங்குகிறது. எண் தெரியும், சத்தம் வராது. வயரை யார் பிடுங்கியது என்று மேனேஜர் விசாரிக்கவில்லை. பேச்சியும் அந்தப் பக்கம் துடைக்கப் போகவில்லை. அடுத்த மாதம் கந்தப்பன் வந்தார், இந்தத் தடவை நாற்பத்தாறாம் நம்பர். பதினொன்றரைக்குக் கெஸியா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"குந்தா பஸ்காரங்க கை தூக்குங்க! கந்தப்பண்ணா, உங்களுக்குத்தான். ரெண்டு கையையும் எதுக்குத் தூக்கறீங்க, ஒண்ணு போதும்."

அவர் எழுந்து வந்து, போகிற போக்கில் குனிந்து கேட்டார். "ஏம்மணி, அது நீதானா? வீசிங் சரியாப் போச்சா?"

"போச்சுங்கண்ணா. படியேறறதை விட்டுட்டேன்."

அதே வாரம் பட்டியல் வந்தது. பெனிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தான். மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. திருப்பூரில் இரண்டு ஸ்கேன் சென்டர். ஒரு தியேட்டர் பார்க்கிங். ஒரு தண்ணீர் கேன் கம்பெனி. ஒன்பதாவது வரியில் நிறுத்தி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"என்னங்க?"

"போன்ல அதிர்ஷ்ட எண் சொல்ற ஜோசியம். கெஸி, நீ ஜோசியம் சொல்லிட்டு இருக்க! உங்கள் அதிர்ஷ்ட எண், ஹ்ஹா..." அவனால் முடிக்க முடியவில்லை. "அந்த இழுவையைக் கேட்டுட்டு, பயங்கர சக்தி இருக்குதுன்னு சனங்க நம்பியிருக்கும்."

"ஆயருக்குத் தெரிஞ்சா வேதபாடம் வாசிக்க விட மாட்டாரு" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, பேனாவை எடுத்தாள். பட்டியலில் மொத்தம் அறுபத்தோரு இடம். முதல் வரியில் இருந்த ஆஸ்பத்திரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்.

மீதி: 60.